குதிரை அறிவியல் படிப்பு: சவாரி வராவிட்டால் சேரலாமா?

சவாரி அவ்வளவாக வராது, கால்நடை மருத்துவத்துக்கு மதிப்பெண் போதவில்லை, குதிரை அறிவியலும் மேலாண்மையும் எடுத்தால் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சவாரியை நினைத்துத் தயங்க வேண்டாம். இனப்பெருக்கப் பண்ணை, தீவன நிறுவனம், லாய நிர்வாகம் என்று குதிரை மேல் ஏறாமலே செய்யும் வேலைகள் இத்துறையில் நிறைய. ஆனால் இந்தப் பட்டம் உங்களைக் கால்நடை மருத்துவர் ஆக்காது. சிகிச்சை அவர் வேலை. அவரை எப்போது கூப்பிடுவது என்று தெரிந்திருப்பது உங்கள் வேலை.

அது லேசுப்பட்டதல்ல. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுவலி வந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். தீவனத்தைத் தொடாமல், முன்காலால் தரையைக் கீறிக்கொண்டு, திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்கிறதா? உடனே நாடியை எண்ண வேண்டும். வளர்ந்த குதிரைக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். 60-ஐத் தாண்டினால் காத்திருக்கவே கூடாது. அதனால் செரிமானம், தீவனக் கணக்கு இரண்டையும் ஊன்றிப் படியுங்கள்.

கல்லூரியில் சொந்தக் குதிரைகள் உண்டா, மாணவர்கள் முறை வைத்து அதிகாலையில் லாய வேலை செய்வது உண்டா என்று விசாரியுங்கள். கட்டடம் எப்படி இருந்தால் என்ன! அப்புறம், கணக்குப்பதிவு, காப்பீடு மாதிரிப் பாடங்களை ஒதுக்காதீர்கள். நிர்வாகப் பொறுப்புக்கு உயர அவைதான் கைகொடுக்கும் என்பது என் எண்ணம்.

சேருவதற்கு முன் ஒரு விடுமுறை முழுக்க ஏதாவது லாயத்தில் லத்தி அள்ளிப் பாருங்கள். அதன் பிறகும் ஆசை குறையவில்லையென்றால் விண்ணப்பம் போடுங்கள்.