டயர் மாற்றிய பிறகு வண்டி ஏன் வேறு மாதிரி ஓடுகிறது? கேள்வி பதில்

வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது), பேலன்சிங் (சக்கரம் சுற்றும்போது எடை சீராக இருக்க ரிம்மில் சின்ன வெயிட் வைப்பது) வேலையில் எனக்கு 19 வருஷம் ஆகிறது. டயர் மாற்றிவிட்டு "வண்டி முன்ன மாதிரி இல்ல" என்று வருகிறவர்களில் பலருக்கு டயரில் குறையே இருக்காது, மாட்டிய விதத்தில்தான் இருக்கும். இதைப் பற்றி என்ன சந்தேகம் என்றாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

கேள்வி (சுரேஷ், விழுப்புரம்): அண்ணா, என்னுடையது முன்சக்கரம் இழுக்கும் கார். இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினேன். இழுக்கிறதும் திரும்புகிறதும் முன்பக்கம்தானே என்று கடையில் முன்னால் மாட்டிவிட்டார்கள். போன வாரம் மழையில் திண்டிவனம் தாண்டி ஒரு வளைவில் பின்பக்கம் சட்டென்று வெளியே போய்விட்டது. டயர் சரியில்லையா?

பதில்: டயர் நல்ல டயர்தான் தம்பி, இடம்தான் மாறிப்போச்சு. இரண்டு மட்டும் புதிது என்றால் அவை பின்னால்தான் போக வேண்டும், எந்தச் சக்கரம் இழுக்கிற வண்டியாக இருந்தாலும் சரி. கடைக்காரர் சொன்ன காரணம் கேட்க நியாயமாகத்தான் இருக்கும், ஆனால் மழையில் அது செல்லாது. புது டயரில் காடி (டயரின் மேல் இருக்கும் பள்ளக் கோடு) சுமார் 8 மி.மீ. ஆழம் இருக்கும், தண்ணீரை வாரி வெளியே தள்ளுவது அந்தக் காடிதான். தேய்ந்தது பின்னால் இருந்தால் அதுதான் முதலில் தண்ணீர் மேல் ஏறி மிதக்கும், முன்பக்கம் ரோட்டைக் கெட்டியாகப் பிடித்திருக்க பின்பக்கம் விட்டுவிடும், வண்டி அப்படியே சுற்றும். முன் டயர் முதலில் விட்டால் கதை வேறு: ஸ்டியரிங் லேசாகிவிடும், வளைவில் வண்டி நேராக ஓடப் பார்க்கும், அது கைக்குத் தெரிந்துவிடும், பயத்தில் கால் தானாக ஆக்சிலேட்டரை விடும், வேகம் குறைந்ததும் பிடி திரும்ப வரும். பின்னால் விட்டால் அதே கால்தான் நம்மைக் கெடுக்கும், ஏனென்றால் காலை எடுத்ததும் எடை முன்னால் சாய்ந்து பின்பக்கம் இன்னும் லேசாகும். எனவே அடுத்த மழைக்கு முன்னால் நான்கையும் முன்பின் மாற்றிவிடுங்கள். பின்னால் இருக்கும் பழையதில், காடிக்குள் குறுக்கே சின்ன மேடு ஒன்று இருக்கும் பாருங்கள், அது 1.6 மி.மீ. உயரம். பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் கட்டை) அதுவரை தேய்ந்திருந்தால் இடம் மாற்றிப் பயனில்லை, தூக்கிப் போட வேண்டியதுதான். இனிமேல் 8,000, 10,000 கி.மீ.க்கு ஒருமுறை இடம் மாற்றி வந்தால் நான்கும் ஒன்றாகத் தேயும், இந்தப் பிரச்சினையே வராது.

கேள்வி (பிரியா, தஞ்சாவூர்): 85, 90 வேகத்தில் ஸ்டியரிங் கிடுகிடுவென ஆடுகிறது. 110 போனால் குறைகிறது. அலைன்மென்ட் இரண்டு முறை செய்தாகிவிட்டது.

பதில்: அலைன்மென்ட்டுக்கும் இந்த ஆட்டத்துக்கும் சம்பந்தம் குறைவு, இது பேலன்சிங். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்து போகிறது என்றாலே முதலில் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஸ்டியரிங் ஆடினால் முன் சக்கரம், சீட் அதிர்ந்தால் பெரும்பாலும் பின் சக்கரம். மெஷினில் போடுவதற்கு முன் ரிம்மின் உட்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். போன மாதம் ஒரு வண்டி வந்தது, மூன்று இடத்தில் பேலன்சிங் செய்தும் தீரவில்லை. கழற்றிப் பார்த்தால் உள்பக்கம் வயல்வரப்புச் சேறு கையளவுக்குக் காய்ந்து ஒட்டியிருக்கிறது, அதன் மேலேயே வெயிட் ஒட்டியிருக்கிறார்கள். ஓடும்போது சேறு கொஞ்சம் கொஞ்சமாக உதிர, கணக்கு மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. கழுவி, பழைய வெயிட் எல்லாம் பிய்த்து, முதலிலிருந்து செய்தோம், தீர்ந்தது. ரிம் போய் உட்காரும் ஹப் முகத்தில் துரு இருந்தாலும் இதே ஆட்டம் வரும், கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு மாட்ட வேண்டும். வெளியே வாங்கிய அலாய் ரிம் என்றால் நடு ஓட்டை ஹப்பை விடப் பெரிதாக இருக்கலாம், அதற்கு வளையம் உண்டு, அது இல்லாமல் ஓட்டாதீர்கள்.

கேள்வி (அன்வர், திருச்சி): புது டயர், அலைன்மென்ட் ரிப்போர்ட்டும் பச்சை. ஆனாலும் வண்டி இடது பக்கம் இழுக்கிறது.

பதில்: கொஞ்சமாக இழுத்தால் ரோடுதான் காரணம், தண்ணீர் வடிய நம் ரோடு இடது ஓரத்துக்குச் சரிந்திருக்கும். நன்றாகவே இழுத்தால் முன் இரண்டு சக்கரத்தையும் இடம் வலம் மாற்றி ஓட்டிப் பாருங்கள். இழுப்பு வலப்பக்கம் போனால் குற்றவாளி டயர், எந்த அலைன்மென்ட் மெஷினும் அதைக் காட்டாது. மாறவில்லை என்றால், கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நான்கு ரிம்மின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கேள்வி (கார்த்திக், மதுரை): டயரில் அம்புக்குறி இருக்கிறது, என் வண்டியில் ஒரு பக்கம் அது பின்னோக்கி இருக்கிறது. பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். அம்பு, சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையில் இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் காடி தண்ணீரைச் சரியாகத் தள்ளாது, காய்ந்த ரோட்டில் வித்தியாசம் தெரியாது, மழையில்தான் தெரியும். ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பிப் போடச் சொல்லுங்கள், காசு கேட்டாலும் கொடுக்காதீர்கள், தப்பு அவர்களுடையது. அம்பு இல்லாமல் "அவுட்சைடு" என்று எழுதியிருந்தால் அந்த எழுத்து வெளியே தெரிந்தாலே போதும்.

கேள்வி (விக்னேஷ், சேலம்): ஸ்விஃப்டில் 165/80 ஆர்14 இருக்கிறது. 195/55 ஆர்16 போட்டால் ஹேண்ட்லிங் கூடுமா?

பதில்: முதலில் மொத்த உயரம். பழையது ஏறக்குறைய 620 மி.மீ., நீங்கள் கேட்பது 621, ஸ்பீடோமீட்டர் பிசகாது. ஆனால் சைடுவால் (டயரின் பக்கச் சுவர்) 132 மி.மீ.யிலிருந்து 107க்கு இறங்குகிறது. சைடுவால் குட்டையானால் ஸ்டியரிங் திருப்பிய உடனே வண்டி திரும்பும், அந்தச் சுகம் நிஜம். அதற்கு விலையும் உண்டு: பள்ளத்தில் அடி நேராக ரிம்முக்குப் போகும், அகல டயர் தேங்கிய தண்ணீரில் சீக்கிரம் மிதக்கும், ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கும். என்னைக் கேட்டால் அதே காரின் மேல் மாடலில் கம்பெனியே கொடுக்கும் 185/65 ஆர்15 போதும். எதைப் போட்டாலும் டயரில் எழுதியிருக்கும் சுமை எண் பழையதை விடக் குறையக் கூடாது.

கேள்வி (மீனா, நாமக்கல்): டயர் மாற்றியதிலிருந்து ரோட்டில் வண்டி துள்ளுகிறது. கொல்லிமலை ஏறும்போது பிடிப்பே இல்லாத மாதிரி இருந்தது.

பதில்: காற்று எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தீர்களா அக்கா? டயரை ரிம்மில் ஏற்றும்போது விளிம்பு போய் உட்கார அதிகக் காற்று அடிப்பார்கள், "டப், டப்" என்று இரண்டு சத்தம் வரும், அதுதான் உட்கார்ந்த அடையாளம். அப்புறம் காற்றைக் குறைக்க வேண்டும். அவசரத்தில் மறந்து 40 பிஎஸ்ஐயோடேயே அனுப்பிவிடுகிறார்கள், வாரம் ஒரு வண்டியாவது இப்படி வருகிறது. டிரைவர் கதவைத் திறந்தால் அந்தத் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று அதிலேயே எழுதியிருக்கும். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அந்த அளவு வையுங்கள். காற்று கூடினால் டயரின் நடுப்பகுதி மட்டும் ரோட்டில் படும், பிடிப்பு குறையும். அதற்காக மலைக்குப் போகிறோம் என்று குறைத்தும் வைக்காதீர்கள், 70 கொண்டை ஊசியிலும் சைடுவால் மடங்கி மடங்கி, நீங்கள் திருப்பிய பிறகு ஒரு நொடி கழித்துத்தான் வண்டி திரும்பும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடித்தான் காட்டும், அதைப் பார்த்து இறக்கிவிடாதீர்கள்.

கேள்வி (ராஜா, ஈரோடு): வீட்டில் டயர் தயாரான தேதி எப்படிப் பார்ப்பது என்று தகராறு.

பதில்: சைடுவாலில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம். 2423 என்றால் 2023ஆம் ஆண்டின் 24ஆவது வாரம் தயாரானது. வாங்கும்போதே பாருங்கள்.

கேள்வி (தினேஷ், கோவை): இன்று மாலை நான்கும் புதிது மாட்டுகிறேன். விடியற்காலை குடும்பத்தோடு வால்பாறை. ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பதில்: முடிந்தால் இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். புது டயரின் மேல் அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு இருக்கும், முதல் 200, 300 கி.மீ. அது தேயும் வரை முழுப் பிடிப்பு வராது. மாட்டும்போது விளிம்பில் தடவும் பேஸ்ட்டும் காய வேண்டும், ஈரமாக இருக்கும்போது பிரேக்கை ஓங்கி மிதித்தால் ரிம்முக்குள்ளேயே டயர் வழுக்கி நகரும், பேலன்சிங் போய்விடும்.

போய்த்தான் ஆக வேண்டும் என்றால், மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ஏர் கன்னை வைத்து வரிசையாக நட்டை முறுக்கிவிட்டு "முடிஞ்சுது சார்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி முறுக்க வேண்டும், கடைசி முறுக்கு வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கி, டார்க் ஸ்பேனரால் (எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளவு காட்டும் ஸ்பேனர்), மேனுவலில் சொன்ன அளவுக்கு. ஒரு பக்கம் அதிகம் முறுக்கினால் பிரேக் டிஸ்க் கோணி, பிறகு பிரேக் மிதிக்கும்போதெல்லாம் பெடல் உதறும். அப்புறம் ஒன்று, புதிதாக மாட்டிய நட்டு 50, 100 கி.மீ. ஓடியதும் கொஞ்சம் தளரலாம். கோவையிலிருந்து ஆழியாறு 60 கி.மீ.க்கு மேல் வரும். செக்போஸ்ட்டில் எப்படியும் நிற்பீர்கள். எல்லோரும் டீ குடிக்கட்டும், நீங்கள் ஸ்பேனரை எடுத்து எல்லா நட்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு 40 கொண்டை ஊசியை ஏறுங்கள்.