கேள்வி நேரம்: வீடியோநவ்

கேள்வி: கனடாவில இருந்து அக்கா பிள்ளைகளுக்கு ஒரு பழைய வீடியோநவ் பெட்டி (கையில வைச்சுப் படம் பார்க்கிற சின்னப் பிளேயர்) அனுப்பினவ, கறுப்பு-வெள்ளை. அதின்ர இறுவட்டு டிவிடி பிளேயரில போட்டால் இரைச்சல்தான். வட்டும் கீறல். பிரதி எடுக்கலாமோ?
– வாசகி, கொக்குவில்

பதில்: எடுக்கலாம். விளையாட்டுப் பொருள் நிறுவனமான ஹாஸ்ப்ரோ 2003இல் வெளியிட்ட இந்தப் பெட்டிக்கென்றே வந்த பிவிடி (PVD) வட்டு, உள்ளே சாதாரண ஓடியோ சீடிதான். ஸ்ரீரியோவின் ஒரு பக்கத்தில் ஒலி, மற்றதில் படம். அந்தப் படத் தரவைத்தான் பிளேயர் இரைச்சலாக வாசிக்கிறது. படமும் 80க்கு 80 புள்ளிகள், நொடிக்கு 15 சட்டகங்கள்தான். பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

வட்டின் விட்டம் 85 மி.மீ. கணினித் தட்டில் உள்ள 80 மி.மீ. குழிக்குள் இராது, ஆடும். நடுவில் கிளிப் உள்ள லப்ரொப் டிரைவில் அழுத்திப் பொருத்துங்கள். வாய்க்குள் இழுக்கும் டிரைவில் போடவே வேண்டாம், சிக்கிவிடும்.

வட்டில் உள்ளதை, ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் (WAV) கோப்பாக எடுங்கள். எம்பி3 ஆக்கினால் படம் கெட்டுப்போகும், ஒலியைக் கூட்டிக் குறைத்தாலும் அப்படித்தான். பிறகு 8 செ.மீ. சீடி-ஆரில், ஓடியோ சீடியாக, ஆகக்குறைந்த வேகத்தில் எழுதுங்கள். அதில் 21 நிமிடம்தான் கொள்ளும். மூல வட்டோ 30 நிமிடம் வரை. கடைசியில் வரும் விளம்பரத் துண்டுகளை வெட்டுங்கள், தொடக்கத்தில் கைவைக்காதீர்கள்.

கலர் வட்டு வாங்கிவிடாதீர்கள். அது 108 மி.மீ., உங்கள் பெட்டிக்குள் அடங்காது.

பற்றரி முனையில் வெள்ளைப் பூப்பு இருந்தால் வினாகிரி தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிட்டே பற்றரி போடுங்கள்.