சுவிஸில் செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு என்ன விசேஷம்? வோ மாநிலத்தில் மறுநாள் திங்களும் ஏன் லீவு?

அது நாடு முழுவதற்குமான நன்றி, மனந்திரும்புதல், ஜெப நாள். இதை அறிவித்தது எந்தத் திருச்சபையும் அல்ல, அரசு என்பதுதான் இதன் தனிச்சிறப்பு. கத்தோலிக்க மாநிலங்களும் சீர்திருத்தச் சபை (புராட்டஸ்டன்ட்) மாநிலங்களும் ஒன்றையொன்று நம்பாமல் இருந்த காலத்தில், 1832இல் மாநிலப் பிரதிநிதிகள் கூடி, எல்லாருக்கும் பொதுவாக இந்த ஞாயிறைக் குறித்தார்கள். அப்படியும் 1847இல் உள்நாட்டுப் போர் மூண்டது. இருந்தாலும் அந்த நாள் நின்றுபோகவில்லை. நேற்று எதிரெதிரே நின்றவர்கள் ஒரே நாளில் மண்டியிட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நெகிழ்கிறது.

இந்த நாளுக்கான வேண்டுகோளை மாநில அரசே எழுதி வெளியிடும் வழக்கம் இருந்தது. சூரிச் அரசின் செயலாளராக இருந்தபோது எழுத்தாளர் கோட்ஃபிரீட் கெல்லரும் அவற்றை எழுதியிருக்கிறார்.

வோவில் இது உபவாச நாளாகவே அறியப்படுகிறது. அதனால்தான் திங்கள் 'உபவாசத் திங்கள்'. ஜெனீவாவின் உபவாச நாள் வேறு. அது செப்டம்பர் முதல் ஞாயிறுக்கு அடுத்து வரும் வியாழன். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்த நாட்களில் பேக்கரிப் பக்கம் போய்ப் பாருங்கள். நீளவாக்கில் பிளந்த ஊதாநிறப் பிளம்ஸ் பழங்களை மாவுத் தட்டில் நெருக்கமாக அடுக்கிச் சுட்டிருப்பார்கள். சாறு கசிந்து ஓரம் சிவந்திருக்கும். சமைக்கிறவர்களும் கோயிலுக்குப் போக வேண்டுமே என்று முதல் நாளே சுட்டு வைத்து, அதையே அன்றைய சாப்பாடாக வைத்துக்கொண்டார்கள் என்பார்கள்.