அமெரிக்கப் பிராந்திய விமான நிறுவனங்களில் விமானிகளின் வேலை நிலைமை எப்படி? அவர்களுடைய ஊதிய ஒப்பந்தம் முடிவாக ஏன் இத்தனை ஆண்டுகள் ஆகின்றன?

மணிக்கு 90 டாலர் என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்களின் விமானிகள், சீருடையோடும் பதாகையோடும் விமான நிலைய வாசலில் ஏன் நிற்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அத்தகைய நிறுவனம் ஒன்றில் துணை விமானியாகச் சேர்ந்து இப்போது கேப்டனாக இருப்பவன், சங்கத்தின் ஒப்பந்தக் குழுவுக்குச் சில காலம் உதவியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், பேச்சுவார்த்தை மேசையில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் கையில் பணப்பெட்டி இல்லை; பேச்சு எப்போது முடிய வேண்டும் என்று சட்டம் கெடுவும் வைக்கவில்லை. மற்றவை எல்லாம் இந்த இரண்டிலிருந்து கிளைப்பவை.

அமெரிக்கன் ஈகிள், யுனைடெட் எக்ஸ்பிரஸ், டெல்டா கனெக்ஷன் என்று விமானத்தின் மேல் எழுதியிருக்கும். ஆனால் அதை ஓட்டுவது ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக், என்வாய், பிஎஸ்ஏ, எண்டெவர் போன்ற வேறு நிறுவனங்கள். பயணச்சீட்டை விற்பதும், கட்டணத்தை நிர்ணயிப்பதும், எந்த ஊருக்கு எத்தனை முறை பறப்பது என்று முடிவு செய்வதும் பெரிய நிறுவனமே. பிராந்திய நிறுவனத்துக்குப் பறந்த நேரத்துக்கும் புறப்பாட்டுக்கும் இவ்வளவு என்று ஒப்பந்தத் தொகை மட்டும் வரும். கல்யாண மண்டபத்தில் சமையல் காண்ட்ராக்ட் எடுத்தவரிடம் பரிமாறுபவர் கூலி உயர்வு கேட்டால், அவர் பெண் வீட்டாரைத்தான் காட்டுவார். எங்கள் நிர்வாகமும் அப்படித்தான், ஊதியத்தை உயர்த்தினால் அடுத்த ஒப்பந்த ஏலத்தில் விலை கட்டாது, விமானங்கள் வேறு நிறுவனத்துக்குப் போய்விடும் என்று சொல்லும். அதில் பாதி மிரட்டல், பாதி உண்மை.

உண்மையான பாதிக்கு ஓர் எடுத்துக்காட்டு. 2014 மார்ச்சில் என்வாய் விமானிகள், ஊதியத்தில் விட்டுக்கொடுக்கச் சொன்ன ஒப்பந்த வரைவை வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். என்வாயும் பிஎஸ்ஏயும் ஒரே தாய் நிறுவனத்துக்கு முழுச் சொந்தமானவை. ஆயினும், அதற்கு முன்பே விட்டுக்கொடுத்திருந்த பிஎஸ்ஏவுக்குப் புதிய விமானங்கள் போயின. என்வாயிடம் இருந்த சிஆர்ஜே 700 ரகச் சிறு ஜெட் விமானங்களும் பின்னர் அங்கே மாற்றப்பட்டன. ஒரு நிறுவனத்தின் விமானிகளை இன்னொரு நிறுவனத்தின் விமானிகளோடு மோதவிடும் இந்த உத்தி புதிதன்று; ஆனால் அவ்வளவு வெளிப்படையாக நடந்தது அரிது.

இனி வேலை நாளைப் பற்றி. மணிக்கு இவ்வளவு என்பதில் 'மணி' எது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கதவுகள் மூடப்பட்டு, பார்க்கிங் பிரேக் விடுவிக்கப்படும்போது விமானத்தின் கணினி 'அவுட்' என்று நேரத்தைப் பதிவு செய்யும். போய்ச் சேர்ந்த வாயிலில் நின்றதும் 'இன்' என்று பதியும். இடைப்பட்ட நேரமே பிளாக் நேரம். ஊதியக் கணக்கு அதிலிருந்துதான் தொடங்குகிறது. விமானத்தைச் சுற்றி நடந்து டயரையும் எஞ்சினையும் டார்ச் அடித்துப் பார்ப்பது, வானிலையையும் எரிபொருள் கணக்கையும் சரிபார்ப்பது, பயணிகள் ஏறி அமரும்வரை காத்திருப்பது எதுவும் அதில் சேராது. பனிக்காலத்தில் இது இன்னும் விசித்திரமாகிவிடும். இறக்கையில் படிந்த பனியை ஓடுபாதை அருகில் உள்ள திடலில் கரைத்தால் அந்த அரை மணிக்கு ஊதியம் உண்டு. வாயிலில் நிற்கும்போதே கரைத்தால், பிரேக் விடுவிக்கப்படாததால், பல இடங்களில் ஊதியம் இல்லை. வேலை ஒன்றுதான், விமானம் நிற்கும் இடம்தான் வேறு.

காலை ஐந்தேகாலுக்குப் பணிக்கு வந்து, நான்கு குட்டிப் பயணங்களை முடித்து, நடுவில் மூன்று மணி நேரம் விமான நிலைய நாற்காலியில் காத்திருந்து, மாலை நான்கு மணிக்கு விடுதி வேனில் ஏறும் நாளில் பிளாக் நேரம் ஐந்து மணி நேரத்தைத் தொடாமல் போவது சாதாரணம். அதனால்தான் ஒப்பந்தக் குழுக்கள் மணி ஊதியத்தை விட 'ரிக்' என்னும் விதிக்காக அதிகம் மல்லுக்கட்டுகின்றன. பணியில் இருந்த ஒவ்வொரு இரண்டு மணிக்கும் குறைந்தது ஒரு மணி ஊதியம், வெளியூரில் கழிந்த ஒவ்வொரு நான்கு மணிக்கும் ஒரு மணி ஊதியம் என்பது பல ஒப்பந்தங்களில் காணப்படும் அளவு. இது இல்லாத நிறுவனத்தில், அட்டவணை போடுபவருக்கு எங்கள் நேரம் இலவசப் பண்டம்.

2009 பிப்ரவரி 12 அன்று நெவார்க்கிலிருந்து பஃபலோவுக்குச் சென்ற, கோல்கன் என்ற பிராந்திய நிறுவனத்தின் விமானம் விழுந்து 50 பேர் இறந்த பிறகே நாடு இந்த வாழ்க்கையை எட்டிப் பார்த்தது. துணை விமானி சியாட்டிலிலிருந்து இரவெல்லாம் சரக்கு விமானங்களில் பயணம் செய்து நெவார்க்குக்கு வந்திருந்தார் என்பது விசாரணையில் வெளிப்பட்டது. பணித்தளம் இருக்கும் நகரத்தில் வீடு எடுக்க அன்றைய ஊதியம் பலருக்கு இடம் கொடுக்கவில்லை. பணியாளர் அறையின் சாய்வு நாற்காலியிலோ, பத்துப் பேர் அடுக்குக் கட்டிலில் படுக்கும் 'கிராஷ் பேட்' என்ற வாடகை வீட்டிலோ இரவைக் கழித்தவர்கள் ஏராளம்.

அந்த விபத்திலிருந்து இரண்டு விதிகள் பிறந்தன. ஒன்று, துணை விமானியும் பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்பது. விமானப் படையிலிருந்தும் குறிப்பிட்ட கல்லூரிகளிலிருந்தும் வருபவர்களுக்குத் தளர்வு உண்டு. மற்றது, 2014 ஜனவரி 4 முதல் நடைமுறைக்கு வந்த ஓய்வு விதி. பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வும், அதற்குள் 8 மணி நேரம் தடையில்லாமல் தூங்கும் வாய்ப்பும் கட்டாயம் ஆயின. அதற்கு முன் ஓய்வை 8 மணி நேரமாகக் குறைக்க முடியும், விடுதிக்குப் போய்வருவதும் அதற்குள்தான். காலை 5 மணிக்கு வருபவரின் பறப்புப் பணிக்கு 12 மணி நேரம் உச்சவரம்பு. 4 மணிக்கு வந்தால் 10 மணி நேரம்தான். நான் பார்த்தவரையில் எந்த ஊதிய உயர்வையும்விட இந்த ஓய்வு விதிதான் எங்கள் உடம்புக்கு அதிகம் செய்திருக்கிறது.

ஒப்பந்தம் ஏன் இழுக்கிறது என்பதற்கு விடை, 1926இல் ரயில்வேக்காக எழுதப்பட்டு 1936இல் விமானத் துறைக்கும் நீட்டிக்கப்பட்ட ரயில்வே தொழிலாளர் சட்டத்தில் இருக்கிறது. இதன்படி எங்கள் ஒப்பந்தம் காலாவதி ஆவதே இல்லை. குறிப்பிட்ட நாளில் 'திருத்தத் தக்கது' ஆகும், அவ்வளவுதான். புதியது கையெழுத்தாகும்வரை பழைய ஊதியமும் பழைய விதிகளும் தொடரும். பேச்சு முறிந்தால் வாஷிங்டனில் உள்ள தேசிய மத்தியஸ்த வாரியம் உள்ளே வரும். இனிப் பேசிப் பயனில்லை என்று வாரியமே சொல்லி எங்களை விடுவித்தால்தான் 30 நாள் பொறுத்திருப்புக் காலம் தொடங்கும். அது முடிந்த பிறகே வேலைநிறுத்தம். எப்போது விடுவிக்க வேண்டும் என்று வாரியத்துக்குக் கெடு கிடையாது. விலைவாசி ஏறும் காலத்தில் தாமதம் யாருக்கு லாபம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ரிபப்ளிக் விமானிகளின் ஒப்பந்தம் 2007இல் திருத்தத் தக்கதாகி, 2015இல்தான் முடிவானது.

வேலைநிறுத்தம் செய்தே பார்த்தவர்களும் உண்டு. 2001 மார்ச் 26 அன்று சின்சினாட்டியைத் தளமாகக் கொண்ட கோம்ஏர் நிறுவனத்தின் ஏறத்தாழ 1,350 விமானிகள் வெளியேறி, 89 நாள் தாக்குப்பிடித்து, நல்ல ஊதிய உயர்வோடு திரும்பினார்கள். 2012 செப்டம்பரில் தாய் நிறுவனமான டெல்டா, கோம்ஏரையே மூடிவிட்டது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு என்று நான் சொல்லமாட்டேன். எரிபொருள் விலை, பழைய 50 இருக்கை விமானங்களின் செலவு என்று வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் அந்தக் கதையை எங்கள் தலைமுறை விமானிகள் எல்லோரும் அறிவார்கள், நிர்வாகங்களும் அறியும்.

பிறகு ஊதியம் எப்படி ஏறியது? ஆள் பற்றாக்குறையால். கோவிட் காலத்தில் மூத்த விமானிகள் பலரை முன்கூட்டியே ஓய்வுபெறச் செய்த பெரிய நிறுவனங்கள், பயணிகள் திரும்பியதும் எங்கள் கேப்டன்களை அள்ளிக்கொண்டன. விமானங்கள் ஓட்ட ஆளில்லாமல் நின்றன. 2022 ஜூனில் என்வாய், பீட்மாண்ட் நிறுவனங்கள் புதிய துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர், புதிய கேப்டனுக்கு 146 டாலர் என்று அறிவித்தன, மற்றவை பின்தொடர்ந்தன. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் மணிக்கு 22 டாலரில், மாதத்துக்கு 75 மணி உத்தரவாதத்தில், ஆண்டுக்கு 19,800 டாலர் பெற்ற வேலை, இந்த அறிவிப்புக்குப் பிறகு அதே கணக்கில் 81,000 டாலர் தந்தது. அந்த உயர்வின் ஒரு பகுதி முதலில் 2024 ஆகஸ்ட் வரைக்கான தற்காலிகத் தொகை என்றே எழுதப்பட்டது. ஆள் கிடைத்ததும் திரும்ப எடுத்துக்கொள்ளும் வழியைத் திறந்துவைக்கத்தான் அப்படி எழுதுவார்கள் என்பது என் கருத்து. பதாகைகளுக்கும் அதுதான் காரணம்: தட்டுப்பாடு தந்ததை அது நீடிக்கும்போதே ஒப்பந்தத்தில் நிரந்தரமாக எழுதி வாங்க வேண்டும்.

இந்த வேலைக்கு விண்ணப்பிக்க எண்ணினால், மணி ஊதியத்தை மட்டும் பார்க்காமல் ஒப்பந்தத்தின் பணி விதிப் பகுதியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ரிக் உண்டா, பயணம் ரத்தானால் ஊதியம் உண்டா, விடுமுறை நாளில் வலுக்கட்டாயமாக அழைத்தால் எத்தனை மடங்கு என்று பாருங்கள். ரிசர்வ் பணியில், அதாவது நிலையான அட்டவணை இல்லாமல் அழைப்புக்குக் காத்திருக்கும் பணியில் இருப்பவர், அழைப்பு வந்த எத்தனை மணி நேரத்தில் விமான நிலையத்தில் இருக்க வேண்டும் என்பது முக்கியம்; இரண்டு மணி என்றால் நீங்கள் அந்த ஊரிலேயே வீடு எடுத்தாக வேண்டும். இங்கே எல்லாமே பணிமூப்பு வரிசைப்படிதான் நடக்கும், வேறு நிறுவனத்துக்கு மாறினால் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். ஆகவே நேர்காணலில் வாய்ப்புக் கிடைத்தால், நீங்கள் அமரப்போகும் தளத்தில் இப்போது நிலையான அட்டவணை வைத்திருப்பவர்களில் பணிமூப்பில் மிக இளையவர் எந்த ஆண்டு சேர்ந்தவர் என்று கேளுங்கள்; நீங்கள் எத்தனை ஆண்டு ரிசர்வில் காத்திருக்க நேரும் என்பது அதில் தெரிந்துவிடும்.