கணிதம் படிக்கும் பிள்ளைக்கு உணவுத் தொழிற்சாலையில் என்ன வேலை?

அம்மா, இணைந்த கணிதத்தில் கெட்டிக்காரியான உங்கள் மகள், உணவு பதனிடும்போது வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று கணக்குப் போடும் துறைக்குப் போகப்போகிறேன் என்றதும் பயந்துவிட்டீர்கள். "இதுக்கா இவ்வளவு டியூஷன்?" என்று கேட்டீர்கள். அவள் கேட்பதும் பொறியியல்தான். அதிலும் கணிதம் நிறையத் தேவைப்படும் பகுதி.

ரின்மீனையே எடுத்துக்கொள்வோம். பொட்டுலினம் நஞ்சை உண்டாக்கும் கிருமியின் வித்திகள் உள்ளே பிழைத்துவிட்டால் சாப்பிட்டவர் உயிருக்கே ஆபத்து. அதனால் ரின்னுக்குள் கடைசியாகச் சூடாகும் இடத்துக்கும், 121 பாகை செல்சியசில் ஏறத்தாழ 3 நிமிடம் வைத்ததற்குச் சமமான வெப்பம் போய்ச்சேர வேண்டும். அந்த இடம் எது? இறுக்கி அடைத்த மீனில் வெப்பம் கடத்தலால், அதாவது ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குத் தொட்டுத் தொட்டுப் போகும், ஆகவே நடுப்பகுதி. நீர்த்த சாறு என்றால் மேற்காவுகையால், அதாவது சூடான திரவமே வெப்பத்தைச் சுமந்துகொண்டு உள்ளே சுழன்றோடும், அந்த இடம் நடுவுக்குக் கீழே இறங்கிவிடும். தேவைக்கு மேல் சூடாக்கினால் மீன் குழைந்துவிடும், எரிபொருளும் வீண். எத்தனை நிமிடம் போதும் என்பதை வகையீட்டுச் சமன்பாடுகளால் கணித்து, பிறகு வெப்பநிலை உணரியை உள்ளே வைத்துச் சரிபார்ப்பதுதான் வேலை.

பாலில் இன்னொரு சிக்கல். கிருமிகள் சாக, அது குழாய்க்குள் 72 பாகை செல்சியசில் 15 செக்கன் நிற்க வேண்டும். ஆனால் சுழிப்பில்லாமல் ஓடும் திரவத்தின் நடுப்பகுதி, சராசரி வேகத்தைப்போல இரு மடங்கில் ஓடும். சராசரியை நம்பிக் குழாய் அமைத்தால் நடுவால் வந்தது பாதி நேரத்திலேயே வெளியேறிவிடும்.

சரி, இதைப் படிக்கும் வழிக்கு வருவோம். மொறட்டுவையிலும் பேராதனையிலும் இரசாயன, செயன்முறைப் பொறியியல் துறை இருக்கிறது. உணவு விஞ்ஞானப் பட்டங்களில் நுண்ணுயிர், ஆய்வுகூடம், தரம் ஆகியவைக்கே கூடிய இடம். கணிதத்தைக் கைவிட மனமில்லாத உங்கள் மகளுக்கு நான் பொறியியலைத்தான் முதலில் சொல்வேன். தகுதிப் பாடங்களையும் இசட் புள்ளியையும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் பாருங்கள், கேள்விப்பட்டதை நம்பாதீர்கள்.

வேலை விஷயத்தில் மறைக்காமல் சொல்கிறேன். இப்படிச் சமன்பாடுகளால் கணித்துப் பார்க்கும் வேலைக்கு 'மாதிரியாக்கம்' என்றே பெயர் போட்ட பதவி இலங்கையில் அபூர்வம். முதல் வேலை உற்பத்தியிலோ தரக்கட்டுப்பாட்டிலோ கிடைக்கும், இரவு ஷிப்டும் வரலாம். சீனக்குடாவில் பிரிமா மாவாலை இருக்கிறது என்பதற்காகத் திருகோணமலையை மட்டும் வைத்துத் திட்டம் போடாதீர்கள். கொழும்புப் பக்கம் போக வேண்டி வரலாம். ஆய்வுப் பக்கம் போவதென்றால் முதுமாணியும் தேவைப்படும். அதேநேரம் இந்தச் சமன்பாடுகள் மருந்து உற்பத்திக்கும் மின் நிலையத்துக்கும் குளிரூட்டலுக்கும் பொதுவானவை. ஒரே தொழிலுக்குள் அடைபட மாட்டாள். பைதன் என்ற கணினி மொழியில் நிரலாக்கத்தை இப்போதே தொடங்கட்டும்.

அப்புறம், இந்த விடுமுறையில் ஒரு காரியம். சிறிய உருளைக்கிழங்கொன்று, அதைப்போல இரு மடங்கு விட்டமுள்ள கிழங்கொன்று. இரண்டின் நடுவிலும் சமையல் வெப்பமானியைச் செருகி, கொதிநீரில் போட்டு, இரண்டு நிமிடத்துக்கொரு தடவை குறிக்கச் சொல்லுங்கள். பெரியது சூடாக எடுப்பது இரு மடங்கு நேரமா, நான்கு மடங்கா, ஏன் என்று அவளே எழுதட்டும். அடுத்த முறை வரும்போது அந்தக் கொப்பியையும் கொண்டுவாருங்கள்.