மைக்கேல் ஜாக்சன் மேதைதானா? வாசகர் கேள்வி – பதில்

ஈரோடு வாசகர்: எனக்கும் தம்பிக்கும் இதே பேச்சுத்தானுங்க. மைக்கேல் ஜாக்சனை மேதைங்கறான் அவன். எந்த வாத்தியத்தையும் எடுத்து நெறவா வாசிச்சதில்ல, பாதிப் பாட்டு அடுத்தவங்க எழுதுனது. அப்புறம் எப்படீங்க மேதை?

பதில்: நீங்கள் சொல்லும் கணக்கு சரிதான். 1982 நவம்பரில் வந்த 'த்ரில்லர்' ஆல்பத்தில் 9 பாட்டு. அதில் ஜாக்சன் எழுதியவை 4. பாட்டெழுத்தாளர் ராட் டெம்பர்டன் எழுதியவை 3. ஆல்பத்துக்குப் பெயர் கொடுத்த பாட்டே அவருடையதுதான். மீதி இரண்டும் வேறு ஆட்கள். அதற்கு முன் 1979-ல் வந்த 'ஆஃப் தி வால்' ஆல்பத்தின் 10 பாட்டில் அவர் கை பட்டவை 3 மட்டும். வாத்தியத்தை அளவுகோலாக வைத்தால் போட்டியே இல்லை. ஸ்டீவி வொண்டர் 1972-ல் 'சூப்பர்ஸ்டிஷன்' பாட்டுக்கு ட்ரம்ஸ், கிளாவினெட் (ஒருவகைக் கீபோர்டு), சிந்தசைசர் பேஸ் மூன்றையும் தானே வாசித்தார். பிரின்ஸ் 1978-ல் தன் முதல் ஆல்பம் முழுவதையும் ஒற்றை ஆளாக வாசித்து முடித்தார்.

அப்படியிருந்தும் உங்கள் தம்பி பக்கம்தான் எங்கள் தீர்ப்பு. ஆனால் எந்த விஷயத்தில் மேதை என்று அவர் சொல்லியாக வேண்டும். ஜாக்சனின் வாத்தியம் அவருடைய வாய். பேஸ் (அடியில் ஓடும் கனத்த சுரங்கள்) என்ன வாசிக்க வேண்டும், ட்ரம்ஸ் எங்கே விழ வேண்டும், வயலின் எந்தச் சுரத்தில் ஏற வேண்டும் என்று ஒவ்வொன்றையும் வாயாலேயே பாடி டேப்பில் பதிந்து வாசிப்பவர்களிடம் கொடுப்பார். ஒரு கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டில்) உள்ள சுரங்களைத் தனித்தனியாகப் பாடிக் காட்டுவார் என்று கூட வேலை பார்த்த ஒலிப்பதிவாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1994-ல் பாட்டுத் திருட்டு வழக்கு ஒன்றில் டென்வர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னபோது, பாட்டு உருவான விதத்தை வாத்தியம் எதுவும் இல்லாமல் பாடித்தான் விளக்கினார். தீர்ப்பும் அவர் பக்கமே வந்தது.

காதாலேயே பார்த்துவிடக்கூடிய சான்று ஒன்று உண்டு. 'த்ரில்லர்' ஆல்பத்தின் 'பில்லி ஜீன்' பாட்டை 1981-ல் வீட்டில் வைத்து ஒத்திகையாகப் பதிந்த டேப், 2001-ல் வந்த சிறப்புப் பதிப்பில் சேர்ந்திருக்கிறது. வரிகள் பாதிக்கு மேல் இல்லை. வார்த்தை வராத இடத்தில் ஏதோ முனகுகிறார். ஆனால் பேஸ் நடை, ட்ரம்ஸ், கார்டு நகரும் விதம் எல்லாம் அதில் ஏற்கெனவே இருக்கின்றன. ஸ்டுடியோவுக்குப் போகும் முன்பே அந்தப் பாட்டு முழுசாக அவர் தலைக்குள் ஓடியிருக்கிறது. இதை வேறு என்ன சொல்லி அழைப்பது?

இந்தப் பட்டம் எங்கள் கணக்கில் 1979 முதல் 1987 வரைக்கும்தான் உறுதியாக நிற்கும். 1991-ல் வந்த ஆல்பத்தில் 14 பாட்டு, 2001-ல் வந்ததில் 16. இரண்டுமே 77 நிமிஷம் ஓடும். நல்ல பாட்டுகள் உண்டு. வேண்டாததை வெட்டிப் போட ஆள் இல்லை.

காங்கேயம் வாசகர்: இளையராஜா நோட்டு எழுதி நீட்டுனா, நூறு பேர் பார்த்து வாசிக்கிறாங்க. நோட்டு எழுதத் தெரியாதவரை அவரோட எப்படீங்க ஒரே தட்டுல வெக்கறது?

பதில்: ஒரே தட்டில் வைக்க வேண்டாம். ராஜா செய்வது வேறு வேலை. மொத்த வாத்தியக் குழுவுக்கும் காகிதத்தில் எழுதி, ஒரு முறைகூட வாசித்துப் பார்க்காமல் அது எப்படி ஒலிக்கும் என்று தெரிந்து வைத்திருப்பது உலகத்தில் மிகச் சிலருக்கே கைவந்த கலை. ஜாக்சனால் அது முடியாது.

அதற்காக எழுதத் தெரியாததைக் குறையாக எண்ண வேண்டியதில்லை. உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே பாருங்கள். அண்ணன்மார் சாமி கதையை உடுக்கை அடித்துப் பாடுகிறவர்கள் பொன்னர் சங்கர் பிறப்பிலிருந்து படுகளம் வரை இரவு இரவாகப் பாடுவார்கள். எதிரில் ஏடும் இருக்காது, நோட்டும் இருக்காது. எங்கே பாட்டு, எங்கே வசனம், எங்கே உடுக்கை வேகம் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் உடம்பில் ஊறியது. 1965-ல் பிரெண்டா பெக் என்ற மானுடவியல் ஆய்வாளர் காங்கேயம் பக்கத்தில் தங்கி அந்தக் கதையை டேப்பில் பதிந்தார். பல இரவு நீண்ட அந்தப் பாட்டுத்தான் பின்னால் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சானது. ஜாக்சன் இந்த வகை. காதில் வாங்கி உடம்பில் வைத்துக்கொண்டவர்.

கோவை வாசகர்: எல்லாம் குயின்ஸி ஜோன்ஸ் பண்ணினது, இவர் பாடினது மட்டும்தான் என்கிறார்களே?

பதில்: 'பில்லி ஜீன்' பாட்டில் பாடும் குரல் வருவதற்கு 29 விநாடி ஆகும். முன்னிசை நீளம், குறைக்க வேண்டும் என்றார் தயாரிப்பாளர் குயின்ஸி ஜோன்ஸ். அதுதான் ஆடத் தூண்டுகிறது, கை வைக்கக் கூடாது என்று ஜாக்சன் ஒற்றைக்காலில் நின்றார். யார் சொன்னது சரி என்பது பாட்டைக் கேட்ட எல்லோருக்கும் தெரியும்.

மறுபக்கமும் உண்டு. அந்தப் பாட்டை ஒலிப்பதிவாளர் புரூஸ் ஸ்வீடியன் 91 முறை மிக்ஸ் செய்தார், அதாவது தனித்தனியாகப் பதிந்த ஒலிகளை அளவு பார்த்துக் கலந்தார். கடைசியில் குயின்ஸி இரண்டாவது மிக்ஸைக் கேட்போம் என்றார், வெளிவந்தது அதுதான். எங்கே நிறுத்த வேண்டும் என்பது குயின்ஸிக்குத் தெரிந்திருந்தது. ஸ்வீடியனின் பங்கையும் மறக்கக் கூடாது. ஜாக்சன் பாடும்போது சும்மா நிற்க மாட்டார். விரலைச் சொடுக்குவார், காலால் தட்டுவார். வேறு ஒலிப்பதிவாளராக இருந்தால் சத்தம் போடாமல் பாடச் சொல்லியிருப்பார். இவரோ ஜாக்சனை மரப்பலகை மேடையில் நிறுத்தி அந்தச் சத்தத்தையும் சேர்த்தே பதிந்தார். பின்குரல்களைப் பதியும்போது ஒரு முறை மைக்கை ஒட்டி நிறுத்துவார், அடுத்த முறை சில அடி பின்னால் தள்ளி நிறுத்துவார். ஒரே ஆளின் குரல் ஒரு கூட்டமாகக் கேட்பது அதனால்தான். ஹெட்போன் மாட்டி, முன்குரலை விட்டுவிட்டுப் பின்குரலை மட்டும் தொடர்ந்து கேளுங்கள். ஒவ்வொரு 'ஹ', 'ச' எழுத்தும் தாளக் கருவி மாதிரி அடியில் விழும்.

பவானி வாசகர்: நாங்க கல்யாண ரிசப்ஷனுக்கு லைட் மியூசிக் வாசிக்கிற ட்ரூப்புங்க. 'பில்லி ஜீன்' கேட்காத ரிசப்ஷன் இல்ல. சுருதி, தாளம் எல்லாஞ் சரியாத்தான் இருக்குது. ஆனா அந்த எடுப்பு வர மாட்டேங்குது. எங்கீங்க தப்பு?

பதில்: முதல் சந்தேகம் வேகத்தின் மேல். மூலப்பாட்டு நிமிஷத்துக்கு 117 அடி. கூட்டம் ஆட ஆரம்பித்ததும் மேடையில் 124, 125 என்று ஏறிவிடும். ஏறினால் அது நடக்கும் பாட்டாக இல்லாமல் ஓடும் பாட்டாகிவிடும். மெட்ரோனோமை 117-ல் வைத்து ட்ரம்மரின் காதில் மட்டும் ஓடவிடுங்கள்.

அடுத்தது ட்ரம்ஸ். நான்கு அடி சேர்ந்தது ஒரு பார். அதில் ஒன்றிலும் மூன்றிலும் கிக் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்), இரண்டிலும் நான்கிலும் ஸ்னேர் (கையடி ட்ரம்), ஹை-ஹேட்டில் (ஜோடித் தட்டு) எட்டுத் தட்டு. அவ்வளவுதான். நம் ஆட்கள் நான்கு பாருக்கு ஒரு ரோல் போடாமல் இருக்க மாட்டார்கள். இந்தப் பாட்டைக் கெடுப்பது அதுதான். பதிவில் வாசித்த லியான் சான்ஸ்லர் ட்ரம் மெஷினின் ஓட்டத்தோடு ஒட்டி வாசித்தார். ஸ்வீடியன் கிக் ட்ரம்முக்குத் தனியாக ஜிப் வைத்த உறை தைத்துப் போட்டார். ஸ்னேர் மைக்கில் ஹை-ஹேட் கசியாமல் இருக்க நடுவே ஒரு பலகை வைத்தார். மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் உலர்ந்து ஒலிக்க வேண்டும் என்பதே நோக்கம். நீங்கள் ஆக்டோபேட் (மின்னணு ட்ரம்) வைத்திருந்தால் ஸ்னேர் பேட்ச்சில் (தேர்ந்த ஒலியில்) ரிவெர்பை, அதாவது செயற்கை எதிரொலியை, முழுசாக அணையுங்கள். டைல்ஸும் கிரானைட்டும் பதித்த மண்டபம் தானாகவே போதுமான எதிரொலி தரும்.

பேஸ் நடையைச் சுரத்தில் சொன்னால் கீபோர்டுக்காரர் உடனே பிடிப்பார். எஃப் ஷார்ப்பை ஷட்ஜமாக வையுங்கள். ச, கீழ் ப, கீழ் நி, ச, கீழ் நி, கீழ் ப, கீழ் ம, கீழ் ப. நிஷாதம் கைசிகி, மத்யமம் சுத்தம். ஒரு பாருக்கு எட்டு சுரம், எட்டும் ஒரே நீளம், ஒரே அழுத்தம். இடது கையில் வாசிக்கும்போது முதல் சுரம் ஓங்கி, கடைசி இரண்டு சுரம் அவசரப்படும். பேட்ச்சில் ரிலீஸ் (விரலை எடுத்த பிறகும் நீளும் ஒலி) நீளமாக இருந்தால் ஒரு சுரம் அடுத்ததில் வழியும், அதைக் குறையுங்கள்.

கார்டில்தான் பெரும்பாலான ட்ரூப் வழுக்குகிறது. எஃப் ஷார்ப் மைனர், ஜி ஷார்ப் மைனர், ஏ மேஜர், மறுபடி ஜி ஷார்ப் மைனர் என்று இரண்டு பாருக்கு நான்கு கார்டு. கீழே பேஸ் நடை மாறாது. ஒவ்வொரு பாரிலும் முதல் கார்டு ஒன்றாம் அடியில் விழும். அடுத்தது இரண்டாம் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் நட்டநடுவில். இதை மூன்றாம் அடியில் போட்டால் தாளம் தப்பாது, எடுப்பு மட்டும் போய்விடும். உங்கள் குறை அநேகமாக இங்கேதான். கையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தாலும் போய்விடும். தொட்டு எடுக்க வேண்டும்.

முன்னிசையைச் சுருக்காதீர்கள். ட்ரம்ஸ் மட்டும் 2 பார், பேஸ் சேர்ந்து 4, கார்டும் சேர்ந்து 8. ஆக 14 பார், அந்த 29 விநாடி.

சவுண்ட் ஆளிடம் ஒன்று சொல்லுங்கள்: கிக்கையும் பேஸையும் ஒரே இடத்தில் ஏற்றக் கூடாது. கிக்குக்கு 60 ஹெர்ட்ஸ் பக்கம், பேஸுக்கு 100 பக்கம் இடம் கொடுத்து, இரண்டிலும் 250 பக்கம் கொஞ்சம் இறக்கினால் மண்டபத்தில் வரும் அந்த 'கும்' இரைச்சல் அடங்கும்.

திருப்பூர் வாசகர்: அவர் மேல் அத்தனை புகார் இருக்கும்போது மேதை என்று கொண்டாடலாமா?

பதில்: சிறுவர்களிடம் தவறாக நடந்தார் என்று 1993-ல் எழுந்த முதல் புகாரின் மேலான சிவில் வழக்கு, அடுத்த ஆண்டு பணம் கொடுத்துச் சமரசமாக முடிந்தது. 2005-ல் நடந்த குற்ற வழக்கில் கலிஃபோர்னியா ஜூரி எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் விடுவித்தது. 2009-ல் அவர் இறந்த பிறகு மேலும் இருவர் புகார் சொன்னார்கள்; குடும்பத்தார் மறுக்கிறார்கள். பாட்டு நன்றாக இருக்கிறது என்பது இந்தப் புகார்களுக்குப் பதில் ஆகாது. புகார் இருப்பதால் பேஸ் நடை மோசமாகிவிடவும் இல்லை. இந்தப் பக்கத்தில் நாங்கள் எடை போடுவது இசையையும் ஆட்டத்தையும் மட்டும். மனிதரைக் கொண்டாட மனம் வராதவர்களை நாங்கள் குறை சொல்ல மாட்டோம்.

பொள்ளாச்சி வாசகர்: மூன்வாக் அவரே கண்டுபிடிச்சதுங்களா? பொண்ணு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் பழகிட்டிருக்கா. கால் சறுக்கவே மாட்டேங்குதுங்க.

பதில்: இல்லை. முன்னால் நடப்பது போலக் காட்டிப் பின்னால் சறுக்கும் இந்த ஆட்டம் பழையது. டாப் டான்ஸர் (ஷூவால் தாளம் தட்டி ஆடுபவர்) பில் பெய்லி 1955-லேயே மேடையில் இதைச் செய்த படம் இருக்கிறது. ஜாக்சன் ஜெஃப்ரி டேனியல் போன்ற ஆட்டக்காரர்களிடம் பழகியவர். 1983 மார்ச் 25-ல் பாசடீனா அரங்கில் அவர் முதன்முதலாக மேடையில் ஆடியபோது அது சில விநாடிதான் நீடித்தது. பாட்டின் எந்த இடத்தில் அதை வைப்பது என்று அவர் தேர்ந்ததில்தான் திறமை இருக்கிறது.

பழகும் முறை: இரண்டு காலையும் சேர்த்து நின்று, வலது குதிகாலை மட்டும் உயர்த்தச் சொல்லுங்கள். உடம்பின் பாரம் முழுவதும் வலது முன்பாதத்தில். இடது பாதம் தரையில் தட்டையாகக் கிடந்தபடி நேர் பின்னால் ஓரடி சறுக்க வேண்டும். சறுக்கி முடிந்த அதே நொடியில் இடது குதிகால் மேலே, வலது குதிகால் கீழே. இப்போது பாரம் இடது முன்பாதத்துக்கு வந்துவிடும். வலது கால் சறுக்கும். இரண்டு குதிகாலும் ஒன்றாக மாற வேண்டும். ஒன்று முந்தினால் வெறுமனே பின்னால் நடப்பது போலத் தெரியும்.

கால் சறுக்காததற்குக் காரணம் பெரும்பாலும் சறுக்கும் காலில் பாரம் இருப்பது. சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சறுக்கும் காலைப் பாரமில்லாமல் இழுக்கப் பழகட்டும். தலை மேலும் கீழும் ஆடினால், உயர்த்திய காலின் முட்டி நிமிர்கிறது என்று அர்த்தம். ரப்பர் அடியுள்ள ஸ்போர்ட்ஸ் ஷூவில் வரவே வராது. வீட்டில் மொசைக் தரையில் சாக்ஸோடு பழகலாம். மேடைக்கு வழுவழுப்பான அடியுள்ள ஷூ.

மேடையை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். ஜமக்காளமோ பச்சை மேட்டோ விரித்திருந்தால் எவ்வளவு பழகியிருந்தாலும் சறுக்காது. 8-க்கு 4 அடி பிளைவுட் பலகை ஒன்றை, வழுவழுப்பான பக்கம் மேலே இருக்கும்படி போட்டு, விளிம்பு நான்கையும் டேப்பால் ஒட்டிவிட்டால் போதும். 8 அடிக்குள் ஆறேழு சறுக்கல் வரும். உடம்பை 45 டிகிரி முன்னால் சாய்க்கும் ஆட்டத்தையும் சேர்க்கலாமா என்று கேட்டால் வேண்டாம். அது மேடையிலிருந்து எழும்பும் ஆணியில் மாட்டிக்கொள்ளும்படி குதிகாலில் பள்ளம் வைத்த தனி ஷூ. 1993-ல் ஜாக்சனும் வேறு இருவரும் சேர்ந்து காப்புரிமை வாங்கியது. அந்த ஷூ இல்லாமல் சாய்ந்தால் முகம் தரையில்தான் மோதும்.