லிமாவுல ஏன் மழை பெய்யறதில்ல? – கடிதம்

வணக்கம் சார்,

நான் பெரம்பூர் பொண்ணு. கணவர் வேலைக்காக பெரு நாட்டுல, லிமாவுல இருக்கோம். மார்ச்ல வந்தோம், இன்னிக்கு வரைக்கும் ஒரு நல்ல மழை பாக்கல. ஆனா ஜூன்ல இருந்து வானம் சாம்பல் கலர்ல மூடியே கிடக்கு, துவைச்சுப் போட்ட துணி ரெண்டு நாளாகியும் காயல, ஸ்வெட்டர் இல்லாம இருக்க முடியல. மேப்ல பாத்தா சென்னை பூமத்திய ரேகைக்கு மேல எவ்ளோ தூரமோ, லிமா கீழ கிட்டத்தட்ட அவ்ளோதான். ரெண்டுமே கடற்கரை. அப்புறம் எப்படி இவ்ளோ வித்தியாசம்? இயற்கை இந்த ஊர வஞ்சிச்சிருச்சோன்னு தோணுது. மாமனார் மாமியார் வரேன்னு சொல்றாங்க, எந்த மாசம் வரச் சொல்லலாம்?

ஒரு வாசகி, லிமா

வணக்கம்மா,

சென்னை வடக்க 13 டிகிரி, லிமா தெக்க 12 டிகிரி, நீங்க பாத்தது சரிதான். ஆனா அட்சரேகைய வச்சு வெயில் எவ்ளோ நேரா விழும், பகல் எவ்ளோ நீளம்னு சொல்லலாமே தவிர மழைய சொல்ல முடியாது. சென்னையக் கூட விடுங்க, நீங்க இருக்கற அதே கண்டத்துல அப்படியே கிழக்க போனா பிரேசில்ல சால்வடார்னு ஒரு ஊரு, அதுவும் தெக்க 13 டிகிரி, அதுவும் கடற்கரை, அங்க வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டர் கிட்ட மழை கொட்டுது. நம்ம சென்னைக்கு 1,400 சொச்சம். லிமாவுக்கு வருஷம் பூரா சேத்தாலும் 10 மில்லிமீட்டர ஒட்டித்தான், நம்ம ஊர்ல அத அஞ்சு நிமிஷத்துல பெஞ்சு முடிச்சுரும்.

எல்லாத்துக்கும் காரணம் கடலோட சூடு. ஐப்பசில நம்ம வங்கக்கடல் தண்ணி 28, 29 டிகிரி இருக்கும், அதுல இருந்து ஆவி எழும்பிட்டே இருக்கும், புயலும் தாழ்வு மண்டலமும் அத வச்சுத்தான் வளருது. நீங்க இருக்கற கடல் இப்ப 15, 17 டிகிரிதான், வேணும்னா கால நனைச்சுப் பாருங்க. தெக்க இருந்து காத்து கரையோரமாவே வீசுது, பூமி சுத்தறதால அந்தக் காத்து தள்ற மேல் தண்ணி கரைய விட்டு விலகிப் போகுது, அந்த எடத்த நிரப்ப அடியில இருக்கற ஜில்லுன்ன தண்ணி மேல ஏறி வருது. இதோட அண்டார்டிகா பக்கத்துல இருந்து வர குளிர் நீரோட்டமும் சேந்துக்குது. 1802ல ஹம்போல்ட்னு ஒரு ஜெர்மன் ஆராய்ச்சியாளர் அங்க வந்து தெர்மாமீட்டர் விட்டுப் பாத்தார்னு அதுக்கு ஹம்போல்ட் நீரோட்டம்னு பேர் வச்சாங்க, ஆனா அவரே அத ஒத்துக்கல, சிலில இருந்து பெரு வரைக்கும் மீனவப் பசங்களுக்கெல்லாம் எனக்கு 300 வருஷம் முன்னாடியே இது தெரியும்னு சொன்னாரு. அந்த மனுஷன் மேல எனக்கு மரியாதை வந்ததே அந்தப் பேச்சாலதான்.

இப்ப உங்க துணிக்கு வரேன். குளிர்ந்த கடல் மேல இருக்கற காத்தும் குளிருது, அதுக்கு மேல சூடான காத்து ஒண்ணு பானைக்கு மூடி போட்ட மாதிரி உக்காந்துக்குது. கீழ இருக்கற ஈரக் காத்து மேல ஏறவே முடியாது, ஏறினாத்தானே இடி மின்னலோட மழை வரும், ஏறாததால கொஞ்ச உயரத்துலயே சாம்பல் மேகமா படுத்துரும், மிஞ்சிப் போனா அங்க கருவான்னு சொல்ற தூத்தல். அதான் பாலைவனத்துல இருந்துட்டே உங்களுக்கு துணி காயல. சரி, கிழக்க அமேசான் காட்டுல அவ்ளோ மழை பெய்யுதே அது வரக்கூடாதான்னா நடுவுல ஆண்டிஸ் நிக்குது, லிமாவுல இருந்து 130 கிலோமீட்டர் ரோட்டுல போனா டிக்லியோ கணவாய், 4,800 மீட்டருக்கு மேல உயரம். நம்ம ஆனைமுடியே 2,695தான்.

ஆனா இயற்கை வஞ்சிச்சிருச்சுன்னு நீங்க சொன்னத மட்டும் என்னால ஏத்துக்க முடியலம்மா. மழைய தடுக்கற அதே குளிர் தண்ணிதான் ஆழத்துல இருந்து சத்த எல்லாம் மேல கொண்டு வருது, அதனாலதான் அங்க நெத்திலி ஜாதி மீன் அப்படிக் குவியுது, 1970ல அந்த ஒரே ஒரு வகை மீன மட்டும் 1.2 கோடி டன்னுக்கு மேல பிடிச்சாங்க. அந்த மீனத் தின்னு கோடிக்கணக்குல பறவைங்க வாழ்ந்துச்சு, அதுங்க எச்சம் சிஞ்சா தீவுகள்ல மலை மலையா குவிஞ்சுது, கழுவிட்டுப் போக மழை இல்லாததால சத்து அப்படியே தங்குச்சு, 19ஆம் நூற்றாண்டுல ஐரோப்பா வயலுக்கெல்லாம் அதுதான் உரம். வடக்க ட்ருஹியோ பக்கம் சான் சான்னு பச்சை மண்ணால கட்டின நகரம் 500 வருஷம் தாண்டி இன்னும் நிக்குது. வங்கக்கடல் ஓரத்துல அப்படி ஒரு சுவரு ரெண்டு கார்த்திகை தாங்குமா சொல்லுங்க.

இன்னொண்ணும் சொல்லணும், எனக்கு ரொம்ப முக்கியமா படற விஷயம் இதுதான். இந்த ரெண்டு கடலும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்லாதது கிடையாது. சில வருஷம் பெரு பக்கம் கடல் சூடாயிரும், கிறிஸ்துமஸ ஒட்டி வரதால அந்த ஊரு மீனவங்க குழந்தை ஏசு பேர்ல எல் நினோன்னு கூப்பிட்டாங்க. அப்போ அங்க மீன் காணாமப் போகும், காஞ்ச பூமில வெள்ளம் வரும், இந்தியாவுல தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் படுத்துரும், ஆனா தமிழ்நாட்டோட வடகிழக்குப் பருவமழை பல தடவ கூடுதலா பெய்யும். 1997, 2015 ரெண்டும் பெரிய எல் நினோ வருஷம். எல்லா வருஷமும் இப்படியேதான்னு கணக்கு போட முடியாது, ஆனாலும் சென்னைல மழை எப்படி இருக்கும்னு பாக்கறவங்க எல்லாம் பசிபிக் சூட்டையும் சேத்துத்தான் பாக்கறாங்க.

2017 மார்ச்ல பெரு கரையோரம் மட்டும் தனியா சூடாச்சு. மலைல பெஞ்ச மழை ரிமாக் ஆத்துல சேறும் கல்லுமா இறங்குச்சு, ஒரு கோடி பேர் இருக்கற லிமா பெரும்பாலும் அந்த ஆத்துத் தண்ணிய நம்பித்தான் இருக்கு, சேறு அவ்ளோ வந்ததால சுத்திகரிக்க முடியாம பல நாள் குழாய்த் தண்ணிய நிறுத்திட்டாங்க, ஜனங்க பாட்டில் தண்ணிக்கு கியூவுல நின்னாங்க. 2015 டிசம்பர்ல வெள்ளத்துக்கு நடுவுல குடிக்கத் தண்ணி இல்லாம தவிச்ச சென்னைக்காரங்களுக்கு அந்தக் கஷ்டம் நல்லாவே புரியும். உங்க பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட அந்த வருஷத்தப் பத்தி பேசிப் பாருங்க.

மாமனார் மாமியார ஜனவரில இருந்து மார்ச்சுக்குள்ள வரச் சொல்லுங்க, நல்ல வெயில் அடிக்கும், ஆனா நம்ம ஊர் மாதிரி வாட்டாது, 27, 28 டிகிரிக்குள்ளதான். எனக்கென்னமோ ஆகஸ்ட், செப்டம்பர்தான் பிடிக்கும், ஏன்னா லிமாவுக்கு வடக்க 100 கிலோமீட்டர்ல லாச்சாய்னு ஒரு குன்று இருக்கு, மத்த மாசமெல்லாம் மொட்டையா கிடக்கற அந்த எடம் அப்போ வெறும் பனிமூட்டத்துல இருக்கற ஈரத்த மட்டும் குடிச்சு முழுசா பச்சையாகி பூ பூக்கும். அவங்களால நடக்க முடியும்னா அப்போ ஒரு தடவ கூட்டிட்டுப் போங்க. மூட்டு வலி, வீசிங் ஏதாவது இருந்தா மட்டும் வேணாம், அந்த ஈரக் குளிரு ஒத்துக்காது, ஜனவரியே போதும்.